சந்தனம் பட்ட ஸ்கோப்

ஊரை விட்டு வந்து குட்மேய்ஸ் பக்கம் குடியேறிய தமிழர்களில் பாதிப்பேருக்குச் சற்குணத்தின் மேல் கோபம். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவர் அல்லர். ஒரு கராஜில் எம்.ஓ.ட்டி பார்க்கிறவர், அவ்வளவுதான். ஆண்டுக்கொரு முறை காரைச் சோதித்து, ரோட்டில் ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று சொல்கிற வேலை. 'எங்கடை ஆள்தானே' என்று நம்பி வருகிறவர்களை முகத்துக்கு நேரே ஃபெயில் பண்ணித் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த மச்சானின் வானை, அதுவும் அவர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு முந்தின கிழமை, பிறேக் சரியில்லை என்று மறித்துப்போட்டார். மச்சான் அதற்குப் பிறகு இவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. "பிறேக் பிடிக்காட்டி சடங்குக்குப் போகேலாது, செத்தவீட்டுக்குத்தான் போகலாம்" என்று சொல்லிவிட்டுச் சற்குணம் அடுத்த காருக்குக் கீழே புகுந்துகொண்டார்.

வாய் வேறு பொல்லாத வாய். கோபம் வந்தால் கண் மண் தெரியாது. கை நீட்டமாட்டார், ஆனால் திட்டுவார், சபிப்பார், அரைமணித்தியாலத்தில் ஆறிவிடுவார். அவருடைய மனைவி செல்வமலர், பாலர் பள்ளியில் சமையலுக்குப் போகிறவர், அந்த அரைமணித்தியாலத்தைக் குசினிக்குள் கழிக்கப் பழகியிருந்தார்.

இப்படிப்பட்ட மனுசனோடு சிநேகம் பிடித்த ஒரே ஆள் மெய்யப்பன். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு இருந்து, இப்போது பென்சன் எடுக்கிறவர். அவருடைய காரையும் சற்குணம் ஃபெயில் பண்ணினார். மற்றவர்களைப்போல மூஞ்சியைத் தூக்காமல் மெய்யப்பன் கை குலுக்கினார்.

"இத்தனை வருசத்துல என் காரை ஃபெயில் பண்ணுன முதல் ஆளு நீங்கதான், சற்குணம். மத்தவனெல்லாம் சிரிச்சுக்கிட்டே என்னைச் சாக விட்டிருக்கான்."

அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சற்குணத்தை எசெக்ஸில் இருந்த துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது. சும்மா பார்க்கத்தான். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கத்தாருடையது என்று யோசிக்காமலே கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்திய ஆள் சற்குணம். இருபது வயதில் அங்கிருந்து தப்பி வந்ததும் துவக்குக்குப் பயந்துதான். இங்கே ஒரு பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். சின்ன ரகத் துவக்கு ஒன்றைத் தோளில் வைத்துக் காகிதத்தில் இருந்த கறுப்பு வட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மூச்சைப் பாதியில் நிறுத்திச் சுட்டார். வெடித்தது. ஒருவரும் ஓடவில்லை. பக்கத்துப் பாயில் கிடந்த வெள்ளைக்காரக் கிழவர் "நல்ல சூடு" என்று சொல்லிவிட்டுத் தன் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றினார். சற்குணத்துக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சனம் சிரித்தது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கிறான்" என்று கோயில் மண்டபத்தில் கதை. செல்வமலர் சிரிக்கவில்லை. ஊரில் தன் வீட்டுக்குள் துவக்கோடு ஆட்கள் வந்துபோன நாட்களைப் பற்றி அவர் யாரோடும் கதைப்பதில்லை.

"அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது, இஞ்சருங்கோ. சொல்லிப்போட்டன்."

"பொலிஸ் வந்து பாத்து, நான் நல்லவன் எண்டு சொன்னாத்தான் வரும். அவங்கள் ஏலாது எண்டால் விட்டிடுறன்" என்றார் அவர்.

பொலிஸ் வந்தது. துவக்கு லைசென்ஸுக்கு விசாரிக்கிற உத்தியோகத்தர் ஒருவர் வந்து, துவக்கு வைக்கவென்று சுவரில் இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். வேலையைப் பற்றிக் கேட்டார், உடம்பைப் பற்றிக் கேட்டார், செல்வமலர் வேண்டாவெறுப்பாய்ச் சுட்டு வைத்த வடையில் இரண்டு சாப்பிட்டார். மச்சானின் வான் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சில கிழமையில் லைசென்ஸ் வந்துவிட்டது.

அந்தக் கடதாசியைச் சற்குணம் பாஸ்போர்ட்டுகளுக்கும் மேலே வைத்தார். பாஸ்போர்ட், வருசக்கணக்காக லைனில் நின்று, லோயருக்குப் பின்னால் அலைந்து, கடைசியில் சட்டம் வேறு வழியில்லாமல் கொடுத்தது. இது அப்படியல்ல. இந்த நாட்டு மனுசன் ஒருவன் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, முகத்தைப் பார்த்து, 'இவன் கையில் துவக்கைக் கொடுக்கலாம்' என்று முடிவெடுத்துக் கொடுத்தது. இந்த வித்தியாசம் யாருக்கும் விளங்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. மெய்யப்பனுக்கு மட்டும் சொன்னார்.

பிறகு துவக்கு வந்தது. குறிபார்க்கத் துவக்குக்கு மேலே பூட்டுகிற ஸ்கோப்பும் வந்தது. ஸ்கோப் வாங்க அவர் பட்ட பாட்டை மகள் தனுஷியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூடப் படவில்லை. இன்டர்நெட்டில் வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தார். ஒருவன் கண்ணாடி தண்ணீர்போலத் தெளிவு என்றான். இன்னொருவன் மழையில் போட்டு எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றான். வேறொருவன், பிழை வந்தது, ஒரு கேள்வியும் கேட்காமல் புதிதாய் மாற்றித் தந்தார்கள் என்று எழுதியிருந்தான். பெட்டியிலும் அதையேதான் அச்சடித்திருந்தார்கள், ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று. எசெக்ஸ் கடைக்காரன் பெட்டியைத் தட்டிக் காட்டி, "இதை உங்கள் பேரனுக்கும் கொடுக்கலாம்" என்றான். சற்குணம் நம்பினார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனுசன், பெட்டியில் அச்சடித்ததை நம்பினார்.

ஸ்கோப்பின் மேலே ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் குறி மேலே கீழே நகரவேண்டும். ஒரு சொடுக்குக்கு ஒரு மயிரிழை. இவருடைய ஸ்கோப்பில் திருப்பினால் ஒன்றும் நகராது. இன்னும் திருப்பினாலும் நகராது. பிறகு இரண்டு சூடு சுட்டதும், பேய் பிடித்ததுபோல ஒரே பாய்ச்சலாகப் பாயும். முதலில் தன் கையைச் சந்தேகித்தார். பிறகு தோட்டாவை. கடைசியில் மெய்யப்பனின் ஸ்கோப்பைக் கழற்றித் தன் துவக்கில் பூட்டிச் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன.

"அப்ப பிழை என்ரை கையிலயும் இல்லை, துவக்கிலயும் இல்லை. இவன்ரை சாமானிலதான்."

"ஆமா, அதான் தெரியுதே. வாரன்ட்டியில போடுங்க" என்றார் மெய்யப்பன்.

போட்டார். கடைக்காரன் அதைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினான். மாதங்கள் போயின. கிளப்பில் குழுப்போட்டி வந்தது, சற்குணத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஸ்கோப் திரும்பி வந்தபோது கூடவே ஒரு கடதாசித் துண்டு வந்தது: சோதித்தோம், பிழை ஒன்றும் இல்லை. கிளப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டார். அதே பாய்ச்சல். திரும்பவும் அனுப்பினார். இம்முறை தான் செய்த சோதனையை வரிசையாய் எழுதி, ஓட்டை விழுந்த காகிதங்களையும் சேர்த்து அனுப்பினார். திரும்பி வந்தது. பிழை இல்லை. ஆனால் இந்த முறை கண்ணாடி துடைக்க ஒரு துணி இலவசமாய் வைத்திருந்தார்கள்.

"துணி!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நான் பிறேக் இல்லாத காரைப் பாஸ் பண்ணி, கண்ணாடி துடைக்கத் துணி குடுத்து அனுப்பினா, என்னைப் பிடிச்சு மறியலில போடுவாங்களோ இல்லையோ?"

"போடுவாங்கள்" என்று செல்வமலர் குசினிக்குள் இருந்து சொன்னார்.

இன்டர்நெட்டில் மறுபடியும் தேடினார். இந்தமுறை வேறு ஆட்கள் கண்ணில் பட்டார்கள். அதே குமிழ், அதே பாய்ச்சல், அதே 'பிழை இல்லை'. வாங்கமுதல் ஏன் இவர்கள் கண்ணில் படவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். வாங்க ஆசைப்படுகிறவன் கண்ணுக்குப் புகழ்ச்சி மட்டும்தானே தெரியும்.

அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசை அன்று, வழக்கம்போல, அவரவர் தொழில்சாமான்களைச் சாமியறையில் வைத்தார்கள். தனுஷியாவின் லாப்டொப், செல்வமலரின் அகப்பை, சற்குணம் கராஜில் இருந்து கொண்டுவந்த ஸ்பானர் செற். துவக்கை இரும்புப் பெட்டிக்கு வெளியே வைத்துவிடச் சட்டம் விடாது, வைக்க அவரும் நினைக்கவில்லை. ஆனால் ஸ்கோப் தனியாய்ப் பார்சலில் வந்தபடியே கிடந்தது. அதைக் கொண்டுபோய் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதுக்குமோ?" என்று கேட்டார் செல்வமலர்.

"சர்வீஸ் சென்டர் ரெண்டு தரம் பாத்தாச்சு. இனி அம்பாள் ஒருக்காப் பாக்கட்டும்."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் பன்னீரில் குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்து, எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல அந்தக் குமிழின் மூடியிலும் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டபோது பகிடி எங்கோ போய்விட்டது. கண்ணை மூடிக் கும்பிட்டார். அடுத்தநாள் துடைத்தார். மூடியின் புரிக்குள் கொஞ்சம் இறங்கிக் காய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. காரில் ஒரு முடியளவு வெடிப்பைக் கண்டுபிடிக்கிற மனுசன், சாமி காரியம் என்பதால் கவனிக்கவில்லை.

அம்பாளும் கைவிட்டுவிட்டாள். கிளப்பில் அதே பாய்ச்சல். மூன்றாம் முறை அனுப்பினார். இந்தமுறை கெதியாகவே பதில் வந்தது. கடைக்காரன் போன் பண்ணினான்: உத்தரவாதம் ரத்து, வந்து சாமானை எடுத்துக்கொண்டு போகலாம்.

மெய்யப்பனையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரன் சர்வீஸ் சென்டர்காரர் எழுதிய அறிக்கையை வாசித்துக் காட்டினான். குமிழின் மூடிக்குள் மஞ்சள் நிறத்தில் வெளிப்பொருள். உணவுப் பொருளாக இருக்கலாம். கறியாக இருக்கலாம். பாவித்தவரின் கவனயீனம்.

"கறி?" என்றார் சற்குணம்.

அது உணவில்லை, சந்தனம், மரத்தை அரைத்து எடுப்பது, எங்கள் பூசைக்கு வைப்பது என்று மெய்யப்பன் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். பிழை அதற்கு முதலே இருந்தது, இரண்டு தரம் அனுப்பியது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்று சற்குணம் அவ்வளவு நல்லதல்லாத ஆங்கிலத்தில் விளக்கினார். இரண்டு தரமும் பிழை இல்லை என்றுதானே வந்தது, என்றான் கடைக்காரன். இப்போதுதான் பிழை இருக்கிறது, அது உங்களால் வந்தது. சொல்லிவிட்டு, நட்பாகத்தான் என்று அவன் நினைத்திருக்கவேண்டும், சிரித்துக்கொண்டு சேர்த்துச் சொன்னான்: அடுத்தமுறை சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கள்.

சற்குணம் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பூ வைத்த பெரிய மரத்தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் நின்றார்.

"வாங்க சற்குணம், போகலாம்" என்றார் மெய்யப்பன்.

சற்குணம் ஸ்கோப்பை அவர் கையில் கொடுத்தார். குனிந்து தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண் அள்ளினார். கடை வாசலைப் பார்த்து அந்த மண்ணைத் தூற்றினார்.

"நல்லாயிருக்கமாட்டியளடா! கும்பிட்ட கையைக் கழுவச் சொன்னனீங்கள் எல்லோ? என்ரை வயிறு எரிஞ்ச மாதிரி இந்தக் கடை எரிஞ்சு சாம்பலாப் போகும்! பாத்துக்கொண்டிருங்கோ!"

ஊரில் வழக்கில் தோற்றவர்கள், காணி பறிபோனவர்கள், வேறு ஒன்றும் செய்யமுடியாமல் போனவர்கள் செய்கிற காரியம் அது. மண்ணை வாரித் தூற்றியபின் அடிப்பதோ உடைப்பதோ இல்லை. பொறுப்பைத் தெய்வத்திடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுவார்கள். சற்குணமும் காருக்குள் ஏறி இருந்து அழுதார். குட்மேய்ஸ் வருவதற்குள் ஆறியும்விட்டார். "தொட்டிக்காரன் பாவம், நல்ல மண்" என்றுகூடச் சொன்னார்.

கடைக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவனுடைய கமெராவில் விழுந்தது வேறு: துவக்கு லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவர், கடைக் கண்ணாடிக்கு எதையோ எறிகிறார், கையை நீட்டிக் கத்துகிறார். அவன் பொலிசுக்கு அறிவித்தான். துவக்கு விற்கிறவன் அறிவிக்கத்தான் வேண்டும். அவன்மேல் அதில் பிழை சொல்ல முடியாது, அதுதான் இந்தக் கதையில் மனதை அறுக்கிற இடம்.

விசாரிக்க வரப்போகிறார்கள் என்று போன் வந்த அன்றே மெய்யப்பன் ஓடி வந்தார்.

"இங்க பாருங்க, நான் சொல்றபடி சொல்லுங்க. அது ஒரு பிரார்த்தனைன்னு சொல்லுங்க. மனசு சரியில்ல, சாமியைக் கும்பிட்டேன், அவ்வளவுதான்னு முடிச்சிருங்க. தமிழ்ல என்ன சொன்னீங்கன்னு அவனுக்கு எங்க தெரியப்போவுது?"

தனுஷியாவும் அதையே சொன்னாள். "Appa, please. அவர் சொல்றதை மட்டும் சொல்லுங்கோ."

"நான் பொய் சொல்லேலாது."

"இது பொய் இல்ல சற்குணம், சாமிகிட்டதானே சொன்னீங்க!"

"சாமியிட்டை நல்லது கேக்கேல்லையே, மெய்யப்பண்ணை" என்றார் சற்குணம்.

வந்தவர்கள் இரண்டு பேர். வடை சாப்பிட்ட உத்தியோகத்தர் ஓய்வு எடுத்துவிட்டாராம். இவர்கள் இளம் ஆட்கள், மரியாதையானவர்கள், தண்ணியும் வேண்டாம் என்றார்கள். கமெராப் படத்தைக் காட்டி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சற்குணம் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். கடை எரிந்து சாம்பலாய்ப் போகும் என்றேன். யார் எரிப்பது என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை, அது தானாக நடக்கும் என்றார். எப்படித் தானாக என்று கேட்டார்கள். மண் கேட்கும் என்றார். ஒருவர் மற்றவரைப் பார்த்தார்.

சற்குணத்துக்கு விளங்கிவிட்டது. காருக்குக் கீழே நின்று, துருப்பிடித்த சட்டத்தைத் தட்டிப் பார்த்து, சொந்தக்காரனிடம் சொல்லமுதல் தானும் அப்படித்தான் ஒரு கணம் நிற்பார். அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் ஃபெயில்தான் போட்டிருப்பேன் என்று நினைத்தார். அப்படி நினைத்ததுதான் அவரை உடைத்தது. யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஆள் இல்லை.

லைசென்ஸை ரத்துச் செய்யப் பரிந்துரைக்கிறோம் என்றார்கள். அப்பீல் செய்யலாம் என்றும் சொன்னார்கள். இரும்புப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். துவக்கைப் பையில் போட்டு இலக்கம் எழுதினார்கள். தோட்டாக்களையும் எடுத்தார்கள். அலுமாரியில் பாஸ்போர்ட்டுகளுக்கு மேலே இருந்த அந்தக் கடதாசியையும் கேட்டார்கள், அவரே எடுத்துக் கொடுத்தார். மேசையில் கிடந்த ஸ்கோப்பை இளையவர் கையில் எடுத்துப் பார்த்து, இதற்கு லைசென்ஸ் தேவையில்லை, இது உங்களிடமே இருக்கலாம் என்று திரும்ப வைத்தார். நல்ல ஸ்கோப், என்னுடைய அப்பாவிடமும் ஒன்று இருக்கிறது என்றார்.

பிறகு, எழுதும் கடதாசியில் ஒரு பெட்டி வெறுமையாய் இருந்திருக்கவேண்டும், வாசலில் நின்றபடி இன்னும் ஒரு கேள்வி கேட்டார்கள். சற்குணம் பதில் சொன்னார். கதவைச் சாத்தினார்.

செல்வமலர் கதவுக்குப் பின்னால் நின்றார். துவக்கு வீட்டைவிட்டுப் போனால் விளக்கேற்றுவேன் என்று ஒருகாலம் சொன்ன மனுசி, இப்போது முகம் வெளுத்து நின்றார்.

"கடைசியா என்னப்பா கேட்டவங்கள்?"

"ஊரில துவக்குத் தூக்கினனியோ எண்டு."

அந்தக் கேள்வியை இந்த நாட்டில் முதன்முதலாக அவரிடம் கேட்டது, விமானம் விட்டு இறங்கின கிழமை, குரொய்டனில் அகதி விண்ணப்பம் விசாரிக்கிற ஒரு சின்ன அறைக்குள். அப்போது அவருக்கு இருபது வயது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை, இஞ்ச வந்துதான் முதன்முதலாத் தொட்டனான் எண்டன்."

"நம்பினவங்களோ?"

சற்குணம் கதிரையில் இருந்தார். சபிக்கவில்லை, கத்தவும் இல்லை. செல்வமலர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினவங்கள்" என்றார் சற்குணம்.